இரு பெயரும் ஒருவரே

ஓய்வூதியக் கோப்புக்கு வேண்டிய தாள்களைத் தேடிச் சென்ற மாதம் அலமாரியைக் கலைத்தேன். நஹ்வுக் குறிப்பேடுகளுக்கும், மக்களின் பள்ளி மதிப்பெண் பட்டியல்களுக்கும் அடியில், நாடா அறுந்த பச்சை நிறக் கோப்பு ஒன்று அகப்பட்டது. அதன் மேலட்டையில் என் கையெழுத்திலேயே ‘நியமன ஒப்புதல், 1997 முதல்’ என்று எழுதியிருந்தது. ‘முதல்’ என்று எழுதியவனுக்கு ‘முடிய’ என்று எழுத நான்காண்டு பிடித்தது. அந்த நான்காண்டின் கதையை நம் இதழன்பர்களிடம் சொல்ல இத்தனை காலம் ஏன் தயங்கினேன் என்பது கட்டுரையின் நடுவே விளங்கும்.

அற்றை நாளில் சென்னைப் பல்கலைக்கழகம் கீழைமொழிகளுக்கெனத் தனிப்பட்டங்கள் வழங்கி வந்தது. தமிழுக்கு வித்துவான், வடமொழிக்குச் சிரோமணி, பார்ஸிக்கு முன்ஷி-இ-பாஸில், உருதுவுக்கு அதீப்-இ-பாஸில், அரபுக்கு அஃப்ஸலுல் உலமா. மத்ரஸாவில் ஏழாண்டு ஓதி ஸனது பெற்றவனை அரசாங்கத்துக்குத் தெரியாது. அஃப்ஸலுல் உலமாத் தேர்வில் தேறியவனைத் தெரியும். ஆகவே நம்மவர் பலரும் ஸனதை வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, பல்கலைக்கழகத் தேர்வை வெளியிலிருந்து எழுதி, அதைக் கொண்டு பள்ளிக்கூடங்களில் அரபாசிரியர் ஆனார்கள். நானும் அவ்வாறே தேறினேன். ஆசிரியப் பயிற்சிச் சான்றும் பெற்றேன். 1997 ஜூன் மாதம் நம்மவர் நடத்தும் அரசு உதவிபெறும் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் அரபாசிரியனாகச் சேர்ந்தேன்.

உதவிபெறும் பள்ளியில் ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம். சம்பளம் தருவது அரசு. இடையில் நிற்பது கல்வி அலுவலரின் ஒப்புதல். 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பின்னர் இந்த ஒப்புதல் இல்லாத ஆசிரியர், வகுப்பில் நின்று தொண்டை வற்றப் பாடம் சொன்னாலும், ஏட்டில் இல்லாதவரே. ஒப்புதல் வருமட்டும் நிர்வாகம் மாதம் 1,500 ரூபாய் தருவதாகத் தாளாளர் சொன்னார். மூன்று மாதத்தில் வந்துவிடும் என்றும் சொன்னார். அவர் பொய் சொல்பவர் அல்லர், நம்பிக்கை மிகுந்தவர்.

கோப்பு தடைப்பட்டதற்கு முதற்காரணம் நானே. கேட்ட தாள்கள் பள்ளியிறுதிச் சான்று, பட்டச் சான்று, பயிற்சிச் சான்று ஆகியவை மட்டுமே. நானோ அவற்றின் மேல் என் மத்ரஸா ஸனதின் நகலையும் வைத்து அனுப்பினேன். எவரும் கேட்கவில்லை. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதி வந்த என் உஸ்தாத் கையெழுத்திட்ட ஸனது அது. என் உஸ்தாதிலிருந்து தொடங்கி, தில்லி ஷாஹ் வலியுல்லாஹ் வழியாக, ஹதீஸ் தொகுத்த இமாம் புகாரிவரை ஒருவர்பின் ஒருவராகப் பெயர்கள் ஏறிச் செல்லும் தாள். அதையும் ஓர் அதிகாரி பார்க்கட்டுமே என்ற ஆசை. பெருமை என்றே சொல்லிவிடுகிறேன்.

ஆறு மாதம் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. குறிப்பு மூன்றே வரி. பள்ளியிறுதிச் சான்றில் உள்ள பெயரும், பட்டச் சான்றில் உள்ள பெயரும், நிர்வாகக்குழுத் தீர்மானத்தில் உள்ள பெயரும் வேறுபடுகின்றன. இணைக்கப்பட்ட அயல்மொழி ஆவணத்தில் உள்ளவர் யாரெனத் தெரியவில்லை. அதற்குச் சான்றொப்பமிட்ட தமிழாக்கமும், மூவரும் ஒருவரே என்பதற்கு உரிய சான்றும் வேண்டும்.

என் பெயரின் பின்பாதி இப்ராஹீம். ஹாவும் நெடில் யாவும் கொண்ட அந்தப் பெயரை நம் பழம்புலவர்கள் இபுறாகீம் என்று தமிழ் ஒலிக்கு இசைய வளைத்து எழுதினார்கள், கேட்கவும் இனிமை. என்னைப் பள்ளியில் சேர்த்த தலைமையாசிரியர் ‘இப்ராஹிம்’ என்று குறிலாக்கினார். பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் முதலெழுத்தை ‘ஈ’ ஆக்கியது. நிர்வாகக்குழு ‘மௌலவி’ என்று முன்னொட்டும் சேர்த்துத் தீர்மானம் எழுதியது. ஸனதிலோ அரபு வழக்கப்படி என் பெயரும், தந்தையார் பெயரும், பாட்டனார் பெயரும், ஊர்ப் பெயரும் வரிசையாக நின்றன. தலைப்பெழுத்து என்ற ஒன்றை அரபு அறியாது. நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதிய காலத்தில் இந்தத் தொல்லை இருந்திருக்காது என்று எண்ணிக்கொண்டேன். அரபுப் பெயர் அரபு எழுத்திலேயே நிற்கும், தமிழ்ச்சொல் அதன் அருகில் வந்து அமரும்.

சினம் வந்தது உண்மை. ஆனால் அன்றிரவு கிதாபுகளின் நடுவே அமர்ந்திருந்தபோது சற்றே வெட்கமும் வந்தது. அந்த எழுத்தர் எழுப்பிய கேள்வி நம் இமாம்கள் ஆயிரமாண்டுக்கு முன்பே எழுப்பிய கேள்வி அல்லவா? ஹதீஸ் அறிவித்தவர்களில் ஒரே பெயருடைய இருவர் உண்டு; இரு பெயருடைய ஒருவரும் உண்டு. இருவரை ஒருவரென மயங்கினால் நம்பத்தகாதவரின் சொல் நம்பகமானவரின் கணக்கில் ஏறிவிடும். ஒருவரை இருவரெனப் பிரித்தால் இல்லாத சாட்சி ஒருவர் முளைத்துவிடுவார். இந்த மயக்கங்களைத் தீர்ப்பதற்கென்றே பக்தாதின் கதீப், ஹிஜ்ரி 463இல், அதாவது 1071இல் மறைந்தவர், தனி நூல்கள் எழுதினார். ‘மூளிஹ்’ எனத் தொடங்கும் பெயருடைய நூலில், இமாம் புகாரி போன்ற பேரறிஞர்களே ஒருவரை இருவராகக் கொண்ட இடங்களை எடுத்துக்காட்டித் திருத்துகிறார். கதீபின் துறையில் ஓதித் தேறியதாகச் சொல்லிக்கொள்ளும் நான், அதே கேள்வியை ஓர் எழுத்தர் கேட்டதும் சினந்தேன்.

சினம் ஆறினாலும் அலைச்சல் குறையவில்லை. ‘இரு பெயரும் ஒருவரே’ என்ற சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர், அவருக்கு மேல் வருவாய் ஆய்வாளர், அவருக்கு மேல் வட்டாட்சியர். ஒருவர் இருந்தால் ஒருவர் முகாம் போயிருப்பார். பட்டச் சான்றின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யும் கடிதம் பல்கலைக்கழகத்திலிருந்து வரவேண்டும்; அது வந்தபோது இங்கே அலுவலர் மாறியிருந்தார். இவற்றை விரித்தால் அரசு அலுவலக வாசல் மிதித்த எவருக்கும் தெரிந்த கதையே. இதற்குள் என் மூத்த மகள் பிறந்தாள். மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

தாழ்வாரத்து மரப்பெஞ்சில் காத்திருந்த பகல்களில் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அடிக்கடி நினைவுக்கு வரும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று. கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றியது. சிறிதோ பெரிதோ, தவணை குறித்து எழுத அலுக்காதீர்கள் என்கிறது. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது என்கிறது. எழுத்தருக்கும் சாட்சிக்கும் தீங்கு நேரலாகாது என்றும் சொல்கிறது. எழுதுவிப்பவனுக்கு எழுத்தரால் நேரும் தீங்கைப் பற்றி முஃபஸ்ஸிர்கள் சொன்னவற்றை அந்தப் பெஞ்சில் அமர்ந்து மனத்துக்குள் புரட்டியிருக்கிறேன்.

எஞ்சியது ஸனதின் தமிழாக்கம். அரபிலிருந்து தமிழாக்க எனக்கு ஆளா வேண்டும்? ஒரே இரவில் செய்து முடித்தேன். எழுத்தர் வாசித்துப் பார்த்தார்.

“யார் மொழிபெயர்த்தது?”

“நான்தான், ஸார்.”

“உங்க சான்றிதழை நீங்களே மொழிபெயர்த்து நீங்களே சரின்னு சொன்னா எப்படி? அரபு தெரிஞ்ச வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாங்க.”

நியாயமான சொல். அரபு தெரிந்த வேறொருவர் என்றதும் எனக்கு முதலில் தோன்றியவர் என் உஸ்தாத். அப்போது அவர்களுக்கு எழுபத்தைந்து வயது. செய்தியைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தமிழாக்கத்தை ஸனதோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் நான் ‘அனுமதி’ என்று எழுதியிருந்ததை அடித்து ‘இசைவு’ என்று திருத்தினார்கள். பின்னர் அடியில் அரபில் கையெழுத்திட்டார்கள். “தாள் மட்டும் போனால் சந்தேகப்படுவார்கள். நானும் வருகிறேன், தம்பி” என்றார்கள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இரண்டு பேருந்து மாறி, வைகாசி வெயிலில், தலைப்பாகையும் ஜுப்பாவுமாக அந்த மாடிப்படி ஏறினார்கள்.

எழுத்தர் தாளைப் பார்த்தார். “கீழே பதவி இல்லையே? முத்திரை இல்லையே?” என்றார். பிறகு உஸ்தாதை ஏறிட்டு, “பெரியவரே, நீங்க எந்த ஆபீஸ்?” என்றார்.

உஸ்தாதுக்குக் காது சற்று மந்தம். என்னைப் பார்த்தார்கள். எழுத்தரும் என்னைப் பார்த்து, “இவர் யாருங்க?” என்றார்.

இவர்தாம் இந்த ஸனதை எனக்குத் தந்தவர், இவர் முன்னால் மண்டியிட்டு ஏழாண்டு ஓதினேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அறையில் நான்கு மேசை. எல்லாரும் தலை நிமிர்ந்திருந்தார்கள். பதவியும் முத்திரையும் இல்லாத ஒரு முதியவரை அழைத்து வந்து அரசாங்கத்தின் நேரத்தைக் கெடுக்கிறானே என்று எண்ணுவார்களோ என்ற கூச்சம் வந்து நாவைப் பிடித்தது.

“எங்க ஊர்ப் பெரியவர்” என்றேன்.

“கெஜட் பதிவு பெற்ற அதிகாரி கையெழுத்துதான் செல்லும்” என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

திரும்பும் பேருந்தில் உஸ்தாத் நெடுநேரம் பேசவில்லை. அவர்களுக்குக் காது கேட்டிருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டு வந்தேன். பாதி வழியில், “அந்தப் பிள்ளை கேட்டது சரிதான். சாட்சி சொல்பவன் யாரென்று விசாரிக்காமல் காஜி சாட்சியத்தை ஏற்கலாமா?” என்றார்கள். ஹனபி பிக்ஹில் சாட்சியை விசாரித்தறியும் பாடத்தை எனக்கு ஓதித் தந்தவர்கள் அவர்கள். ஆம் என்றேன். மீண்டும் சற்று நேரம். பிறகு, “நீ என்னை ஊர்ப் பெரியவர் என்றாய். அதுவும் பொய்யில்லை” என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. ஊர் வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

மறுவாரம் ஒரு கல்லூரியின் அரபுப் பேராசிரியரைத் தேடிச் சென்றேன். மத்ரஸாவில் எனக்கு மூன்றாண்டு இளையவர். அதே உஸ்தாதிடம் ஓதியவர். பின்னர் எம்.ஏ. தேறி அரசுக் கல்லூரியில் சேர்ந்திருந்தார். தமிழாக்கத்தைப் படித்தார், ‘இசைவு’ என்ற திருத்தத்தைப் பார்த்ததும், “இது ஹழ்ரத்தின் கையெழுத்தல்லவா!” என்று முகம் மலர்ந்தார். புதுத்தாளில் படியெடுத்து, பச்சை மையால் கையெழுத்திட்டு, முத்திரை குத்தித் தந்தார். ஐந்து நிமிட வேலை. ஆசிரியரின் கையெழுத்து செல்லாத இடத்தில் மாணவரின் கையெழுத்து சென்றது. அதற்கு அவர்மீது என்ன குறை சொல்ல முடியும்?

மம்லூக்குகளின் கெய்ரோவில் அரசு எழுத்தராக இருந்த கல்கஷந்தி, 1418இல் மறைந்தவர், எழுத்தர்களுக்கென்றே ‘ஸுப்ஹுல் அஃஷா’ என்ற பெருநூல் எழுதினார். எந்த ஆணைக்கு எவ்வளவு அகலத் தாள், எழுதுகோலை எப்படிச் சீவுவது, யாரை எந்த அடைமொழியால் விளிப்பது எல்லாம் அதில் உண்டு. அந்த நூலிலேயே, தாம் இளைஞராக இருந்தபோது அலெக்ஸாந்திரியாவில் ஆசிரியர் இப்னுல் முலக்கின் தமக்கு வழங்கிய இஜாஸத்தையும், பாடம் சொல்லவும் பத்வா வழங்கவும் தந்த இசைவை, சேர்த்து வைத்திருக்கிறார். அலுவலகத் தாள்களுக்கு நடுவே தம் ஸனதையும் வைத்த அந்த எழுத்தரை நினைக்கும்போது, என் பழைய பெருமையை நான் சற்றே மன்னித்துக்கொள்வதுண்டு.

2001இல் ஒப்புதல் ஆணை வந்தது. பணியில் சேர்ந்த நாள் முதலே செல்லும் என்று இருந்தது. நிலுவையும் சேர்ந்து வந்தது, வளையல்கள் திரும்பின. ஆணையை எடுத்துக்கொண்டு உஸ்தாதிடம் ஓடினேன். வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார்கள்.

“எப்படி எழுதியிருக்கிறது?”

‘இப்ராகிம்’ என்று இருந்தது. அதுவரை எந்தத் தாளிலும் இல்லாத புது வடிவம். உஸ்தாத் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அரிது. அன்று மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. இன்னொரு நாள் கேட்கலாம் என்று தள்ளினேன். 2004 ரமலானில் அவர்கள் வபாத்தானார்கள்.

சென்ற மாதம் ஓய்வூதியப் பிரிவுக்குப் பச்சைக் கோப்போடு போனேன். ஆணையில் ‘இப்ராகிம்’, பணிப்பதிவேட்டில் ‘இப்ராஹிம்’ என்று இருக்கிறதாம். இருவரும் ஒருவரே என்ற சான்று வேண்டுமாம். தருகிறேன் என்றேன். என் மகள் வயதுடைய பெண் எழுத்தர் தாள்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டே வந்தார். வேண்டாத தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பழுப்பேறிய தமிழாக்கம், ‘அனுமதி’ அடித்து ‘இசைவு’ என்று திருத்தியது, அடியில் முத்திரையில்லாத அரபுக் கையெழுத்து.

“இது யார் சார் கையெழுத்து?” என்று கேட்டார்.

“என் உஸ்தாத். எனக்கு ஓதித் தந்தவர்கள்” என்றேன். அவர்கள் பெயரையும், அவர்கள் தந்தையார் பெயரையும், ஊரையும், ஸனதில் உள்ள வரிசை மாறாமல் சொன்னேன்.

அவர் அதற்குள் அடுத்த கோப்பைப் பிரித்திருந்தார்.