பாப்பாவுக்கு அக்கா எழுதுவது

மயிலாப்பூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அத்தானுக்கு முழங்கால் வலி, எனக்கு அவர் புலம்பலைக் கேட்கிற வலி. லஸ் முனையில் மெட்ரோவுக்குத் தோண்டியது இன்னும் மூடினபாடில்லை. ஆட்டோக்காரர்கள் அதைச் சொல்லியே மேலே கேட்கிறார்கள். மாட வீதியில் காய்கறி விற்கிற விலையைச் சொன்னால் நீ கும்பகோணத்தை விட்டு நகரவே மாட்டாய், ஆகவே சொல்லவில்லை. நகர வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

உன் பெண் எனக்குப் போன் பண்ணினாள். அவளைத் திட்டாதே. நீ குளித்துவிட்டு வரும்போது இடது மார்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாயாம். "என்னம்மா" என்று கேட்டதற்கு, "சின்னதா ஒரு கட்டி, வலிக்கக்கூட இல்லை, ஆவணியில் உன் முகூர்த்தம் முடியட்டும்" என்றாயாம். நான் போனில் கேட்டால் "பார்க்கிறேன்க்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வலிக்கவில்லை என்பதில் என்னடி நிம்மதி? ஆரம்பத்தில் கேன்சர் பெரும்பாலும் வலிக்காது, அதுதான் அதன் சாமர்த்தியம். எனக்கு வலியும் இல்லை, கைக்குக் கட்டியும் தட்டவில்லை. ரிட்டயர் ஆகிற வருஷம் ஆபீஸில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் இலவசமாகக் கொடுத்தார்கள், விடுவானேன் என்று போனேன். அதில் எடுத்த மேமோகிராமில்தான் தெரிந்தது. முதல் கட்டம் என்றார்கள். மார்பை முழுதாக எடுக்காமல், கட்டியையும் சுற்றிலும் கொஞ்சத்தையும் எடுத்து, ரேடியேஷன் கொடுத்து, மாத்திரையோடு விட்டார்கள். இன்று காலைகூடக் கபாலி கோயில் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான கட்டிகள் நீர்க்கட்டி மாதிரி ஆபத்தில்லாதவை என்றுதான் முடிகின்றன. ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும், நீ சொல்லாதே. அக்காவுக்கு வந்திருக்கிறது என்றால் தங்கை கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கத்தான் வேண்டும்.

உன் மனசில் இருப்பது கட்டி இல்லை, பெண்ணின் கல்யாணம் என்று எனக்குத் தெரியாதா? பெரியம்மாவுக்கு வந்தது, இப்போது அம்மாவுக்கும் என்றால் பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். மார்புக் கேன்சரில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துதான். அதைக் கேட்காமலே ஓடுகிற சம்பந்தம் ஓடட்டுமே. அதோடு, யாருக்காக இதை மூடி மறைக்கிறாயோ அவளே எனக்குப் போன் பண்ணி அழுகிறாள். உன் வீட்டுக்காரரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

எனக்கு வந்தபோது நீ வந்து இருந்தாயே, அதை நினைத்துப் பார். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, யார் யார் இதே வியாதியில் போனார்கள் என்று பட்டியல் போட்டார்கள். நீதான் "அக்கா தூங்கணும்" என்று எல்லாரையும் கூடத்துக்கு விரட்டினாய். ரேடியேஷனுக்காக மார்பில் மையால் கோடு போட்டு, அழியக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்குத் தொடவே பயம். நீ முக்காலியில் உட்கார வைத்து, ஒரு கையால் துண்டை அந்தக் கோட்டுக்கு அணையாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சொம்பைச் சாய்த்துச் சாய்த்து முதுகுக்கு மட்டும் தண்ணீர் விட்டாய். சுவரில் விரலை எறும்பு மாதிரி ஏற்றிக் கையைத் தூக்கு என்று பிசியோதெரபி பெண் சொன்னதற்கு, தினம் எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தாய். போன தீபாவளிக்கு வெள்ளையடித்தபோதும் அந்த இடத்தை மட்டும் விடச் சொன்னேன், அத்தானுக்குக் கோபம். ஊசியும் பிரஷரும் ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் வேண்டாம் என்று நர்ஸிடம் நான் சொல்வதற்கு முன்னால் நீ சொல்லிவிடுவாய். அவ்வளவும் தெரிந்தவள், தனக்கு என்று வந்ததும் ஆவணி முடியட்டும் என்கிறாய்!

நான் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் ரேடியேஷனுக்குக் காத்திருக்கும்போது நீ கேட்டாயே, இந்த ஆஸ்பத்திரியை யார் ஆரம்பித்தார்கள் என்று. முத்துலட்சுமி ரெட்டி என்று மட்டும் அப்போது சொன்னேன். மீதியை இப்போது சொல்கிறேன், உனக்குத் தேவைப்படுகிறது. அந்த அம்மாளின் தங்கை 1923-இல் கேன்சரில் போய்விட்டாள். அக்கா டாக்டர், அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தை அவர் விடவே இல்லை. 1952-இல் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டி, 1954-இல் 12 படுக்கையோடு திறந்தார். அவர் பிள்ளை கிருஷ்ணமூர்த்தியும், மறு வருஷம் வந்து சேர்ந்த நம்ம மயிலாப்பூர்ப் பெண் டாக்டர் சாந்தாவும்தான் அதை வளர்த்தார்கள். அரசாங்க வேலை கிடைத்தும் வேண்டாமென்று வந்தவர் சாந்தா. 2021 ஜனவரியில் போகிற வரைக்கும் அந்த வளாகத்திலேயே குடியிருந்தார். சீக்கிரம் வாருங்கள், பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லாத மேடை இல்லை. அந்த அக்காவுக்குத் தங்கையை கூட்டிப் போக அன்று இந்த ஊரில் இப்படி ஓர் இடம் இல்லை. எனக்கு இங்கிருந்து ஆட்டோ தூரத்தில் இருக்கிறது, தங்கைதான் வர மாட்டேன் என்கிறாள்.

என்ன செய்வார்கள் என்று கேட்பாய். டாக்டரம்மா கையால் பார்ப்பார். மேமோகிராமில் இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். கொஞ்சம் கடுக்கும், ஒரு பல்லைக் கடித்தால் முடிந்தது. ஸ்கேனும் எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ரிசல்ட் வரும்வரை உள்ள நாட்கள்தான் கொடுமை. அதற்கு நான் இருக்கிறேன். தி.நகர் போய் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டுப் பெண்ணுக்கு ஜாக்கெட் துணி பார்ப்போம், நேரம் போய்விடும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி உழவனில் ஏறு. அத்தான் முழங்காலை நீவிக்கொண்டே ஸ்டேஷனுக்கு வருவார், வேண்டாம் என்று சொல்லாதே, அவருக்கு வர ஆசை. காபிப் பொடி, வெற்றிலை என்று மூட்டை கட்டாதே. முன்னால் எப்போதாவது மேமோகிராம் எடுத்திருந்தால் அந்தப் படமும், நீ சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டும் போதும். முன்பக்கம் திறக்கிற ரவிக்கையாகப் போட்டுக்கொண்டு வா. மேமோகிராம் எடுக்கிற அன்றைக்குக் காலையில் அக்குளில் பவுடர் போடக் கூடாது, படத்தில் புள்ளி புள்ளியாக விழுமாம். அரை டப்பா பவுடர் கொட்டாமல் வாசல்படி தாண்டாதவள் நீ, ஒரு நாள் பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா