இமைமேல் ஏன் பழி?

வலக்கண் துடித்தால் ஆணுக்கு நல்லது, இடக்கண் துடித்தால் பெண்ணுக்கு நல்லது என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. சிலப்பதிகாரத்திலேயே இந்திர விழா நாளில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. தூக்கம் கெட்டாலோ காபி கூடினாலோ இரண்டு நாள் துடித்து அடங்குகிற அந்தத் துடிப்பைப் பற்றி நான் பேச வரவில்லை. இரண்டு கண்ணும் தாமாக இறுக மூடிக்கொண்டு திறக்க மறுக்கிற நோய் ஒன்று உண்டு. பெரும்பாலும் ஐம்பதைத் தொட்டவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு அதிகம் வரும். என் அக்காவுக்கு வந்தது.

வாசல் வெயிலில் கால் வைத்தால் கண் இறுகிவிடும். பேப்பரைப் பிரித்தால் மூடும். வெற்றிலையை மடித்து மென்றாலோ திறந்துகொள்ளும். பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தாலும், புருவ ஓரத்தை விரலால் தொட்டாலும் திறக்கும். சொந்தபந்தம் சும்மா இருக்குமா? "வெத்தலை போட மட்டும் கண்ணு தெரியுதாக்கும்" என்றார்கள். கண்ணாடி மாற்றினார்கள், சொட்டு மருந்து விட்டார்கள், மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள்.

வீட்டாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மருத்துவர்களே நெடுங்காலம் இதை மனக்கோளாறு என்று ஒதுக்கியவர்கள்தான். இது உடம்பின் நோய், மூளை நரம்புகளின் கோளாறு என்று லண்டன் நரம்பியல் மருத்துவர் டேவிட் மார்ஸ்டன் 1976-இல் அழுத்தமாக எழுதினார். மென்றால், பாடினால், தொட்டால் தணிவதும் நோயின் அடையாளமே, நடிப்பல்ல.

கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு மெல்லிய தசை ஓடுகிறது. இமையை மூடுவது அதன் வேலை. மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்கு செய்கிற நரம்புப் பின்னல் தவறான கட்டளை அனுப்ப, தசை மறுபேச்சில்லாமல் மூடுகிறது. மேலதிகாரி தப்பாக உத்தரவு போட, கையெழுத்துப் போட்ட குமாஸ்தா மாட்டிக்கொள்கிற கதைதான். ஆனாலும் வருடக்கணக்கில் இறுக்கினால் இமை தாங்குமா? இமையைத் தூக்கும் தசைநார் நைந்து தளர்கிறது, புருவம் இறங்குகிறது, இமைத்தோல் தொங்குகிறது. இவையெல்லாம் நோயின் விளைவு, காரணம் அல்ல. முகத்தின் ஒரு பாதி மட்டும் இழுத்தால் அது வேறு நோய். பெரும்பாலும் மூளைத்தண்டு அருகே ஒரு ரத்தக்குழாய் முகநரம்பை அழுத்துவதால் வருவது, தூக்கத்திலும் விடாது.

இமை இறுக்கத்துக்கான மருந்து, கெட்டுப்போன உணவில் வளரும் கிருமியின் நஞ்சிலிருந்து வந்தது. சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் அதை மிக மிகச் சிறிய அளவில் கண் தசைகளில் போட்டுப் பார்த்தார். 1989 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. முகச் சுருக்கம் போக்கும் போடாக்ஸ் என்று இன்று பேர்பெற்றது, முதலில் கண் நோயாளிகளுக்காக வந்த மருந்துதான். அக்காவின் இமையோரத்தில் டாக்டர் பேனாவால் புள்ளி வைத்து, மயிரிழை ஊசியால் குத்துவார். "விஷமா?" என்று ஒருமுறை கேட்டாள், அவ்வளவுதான். நாலைந்து நாளில் கண் திறக்கும். நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போகும் சேதியை மருந்து தடுக்கிறது. நரம்பு விடுவதில்லை, பக்கத்தில் புதுத் துளிர் விடுகிறது. ஊசி போட்டவர்களிடம் அறுவையில் எடுத்த இமைத்தசையை நுண்ணோக்கியில் பார்த்தபோது இந்தத் துளிர்கள் தெரிந்தன. ஏறக்குறைய மூன்று மாதத்தில் மறுபடி இறுக்கம் வந்துவிடும்.

வயதில் மூத்தவன் என்கிற உரிமையில் ஒன்று சொல்லலாமா? இறுக மூடிய கண்ணோடு எதிரே நிற்பவரிடம் "கண்ணைத் திறந்து பேசு" என்று அதட்டாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடமோ, இந்த ஊசி போடத் தெரிந்த கண் மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். மனநோய்க்கும் குமட்டலுக்கும் தரும் சில மாத்திரைகளாலும் இது வரக்கூடும் என்பதால் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அக்காவுக்கு இப்போது கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்த நாளைப் பார்த்த கையோடு ஊசி தேதியையும் பார்த்துக்கொள்கிறாள். முகூர்த்தம் மருந்து தேயும் கடைசி வாரத்தில் விழுந்தால், ஊசியை முன்கூட்டிப் போட முடியுமா என்று டாக்டரிடம் பேரம் பேசுகிறாள்.