வெலிங்டனில் ஓர் எலிவேட்டை

அன்புள்ள சுந்தரம்,

குடையை ஒடித்து, தொப்பியைப் பறித்து, மனுஷனை நிலைகொள்ள விடாமல் அலைக்கழிக்கும் இவ்வூர்க் காற்றைப் பற்றி இரண்டு பக்கம் புகார் எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்று காலைச் சமாசாரம் அதை முந்திக்கொண்டது.

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், ஐலண்ட் பே என்னும் கடற்கரைப் பகுதியில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் தங்கியிருக்கிறேன். அறைக்குள் புகுந்த வண்டைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடும் சுபாவமுள்ள அந்த அம்மாள், சிற்றுண்டி முடிந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு, "பொறியைப் பார்த்து வரலாம், வாருங்கள்" என்று கொல்லைக்கு அழைத்துப் போனார். வேலியோரத்தில் ஒரு நீண்ட மரப்பெட்டி. ஒரு முனையில் எலி நுழையுமளவு துவாரம், மறுமுனையில் கம்பிவலை. பறவைகள் அகப்படலாகாது என்பதற்காகவே இவ்வளவு ஜாக்கிரதையாம். மூடியைத் திறந்தால், கம்பி விழுந்து கழுத்து முறிந்த எலி, மீசையில் வேர்க்கடலை விழுது ஒட்டியபடியே கிடந்தது; நம் வீட்டில் மசால்வடை செய்கிற வேலையை இங்கே இந்த விழுது செய்கிறது. அதை ஃபெய்ஜோவா மரத்தடியில் புதைத்து, கைபேசியில் கணக்கெழுதி, புது விழுது தடவிப் பொறியை மறுபடி பூட்டினார்.

பிள்ளையாரின் வாகனத்துக்கு நேர்ந்த கதியைக் கண்டு மனம் கேட்கவில்லை. "இது ஜீவஹிம்சை அல்லவா?" என்றேன். அவர் கோபிக்கவில்லை. மனிதர் வருவதற்கு முன் இத்தீவுகளில் தரைவாழ் பாலூட்டி என்று வௌவாலைத் தவிர வேறில்லாததால், பறவைகள் பல தரையிலே முட்டையிட்டு நிர்ப்பயமாக வாழ்ந்தன என்றும், எலி கப்பலேறி வந்தது, முயலை ஒழிக்கவென்று ஸ்டோட் என்ற கீரி போன்ற பிராணியையும் ரோமத்துக்காகப் பாஸம் என்ற மரமேறும் பிராணியையும் மனிதனே வரவழைத்தான் என்றும் விளக்கினார். இவற்றை 2050-க்குள் நாட்டைவிட்டே ஒழிப்பதென்று 2016-இல் அரசாங்கம் அறிவித்திருக்கிறது. "காட்டில் அரசாங்கம் பொறி வைக்கும், என் கொல்லையில் நான்தானே வைக்க வேண்டும்?" என்றார். அண்டை அயலாரும் இவ்வாறே தத்தம் கொல்லைகளில் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரயாசையால் பிழைக்கிற ஜீவன்களுள் ஒன்று, கொரோரா என்று இந்நாட்டு ஆதிகுடிகளான மாவோரிகள் அழைக்கும் நீலப் பெங்குவின். உலகத்துப் பெங்குவின்களில் ஆகச் சிறியது. ஏறக்குறைய ஒரு கிலோ எடைதான். பகலெல்லாம் கடலில் மீன் பிடித்து, இருட்டிய பிறகு கரையேறி, சில வேளை வீடுகளின் அடித்தளத்திலேயே கூடு வைத்து, இராமுழுதும் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதன் மீது ஒருவருக்கும் கோபம் வருவதில்லை!

எனக்கு எரிச்சல் மூட்டியது வேறொன்று. வீட்டுக்குள் திரும்பினால், அம்மாளின் கொழுத்த பூனை சோபாவில் சயனித்திருந்தது. "இது பல்லி, பறவை பிடிப்பதில்லையா?" என்றேன்; அவர் பேச்சை வானிலைக்கு மாற்றினார். கடற்கரையிலோ, அவிழ்த்துவிட்ட நாய்கள் பாறை இடுக்குகளை முகர்ந்து திரிகின்றன. பெங்குவினைக் கொல்வதில் நாய்க்குள்ள பங்கு கொஞ்சமன்று. வேண்டாத பிராணிக்குப் பொறியும் வேண்டிய பிராணிக்கு மெத்தையும் என்பது உலக வழக்கந்தான். ஆயினும் அந்த அம்மாளின் சிரத்தையை நான் குறைசொல்ல மாட்டேன். எலிக்குப் பொறி வைத்தது நியாயந்தான், நாய்க்குச் சங்கிலி போடாததுதான் அநியாயம் என்பது என் கட்சி. நீ எந்தக் கட்சி என்று தபாலில் எழுது.