நிறம் மாறாத நீர்

எவ்வளவு மிகுந்த நீரானாலும், நஜீஸ் அதன் நிறம், சுவை, மணம் மூன்றில் ஒன்றை மாற்றிவிட்டால் ஒளுவுக்கு ஆகாது என்பது ஃபிக்ஹுச் சட்டம். கண்மாய் வற்றும் அருப்புக்கோட்டைச் சீமையில், ஒரு செம்பு நீரில் ஒளுச் செய்து பழகிய நமக்கு இது மனப்பாடம்.

இம்மூன்றுக்கும் அகப்படாத ஒன்று இன்று ஆற்றில் கலந்திருக்கிறது. கிருமிநாசினிச் சோப்பிலும் பற்பசையிலும் சேர்க்கப்பட்டுவந்த டிரைக்ளோசான் அது. நஜீஸ் அன்றுதான், தீங்கு என்பது வேறு பாடம். காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி பற்றி 2011இல் வெளியான ஆய்வு, தாமிரபரணியில் லிட்டருக்கு 5.16 மைக்ரோகிராம் வரை கண்டது. கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே மைக்ரோகிராம். நீர்ப்பாசியை வாட்ட அந்த அளவே போதும். சாதாரணச் சோப்பினும் இது மேலானதென உற்பத்தியாளர்கள் மெய்ப்பிக்காததால், கைகழுவும் சோப்பில் சேர்க்கலாகாதென அமெரிக்கா 2016இல் விதித்தது.

கண்ணுக்குப் புலப்பட்டதும் உண்டு. 2019 இறுதியில், சென்னையில் அடையாற்றின் கழிமுகத்தை அடுத்த கடற்கரையில் வெண்ணுரை குவிந்தது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரோடு வந்த சலவைத்தூளை அலைகள் கடைந்தெடுத்த நுரை! பிள்ளைகள் அதில் விளையாடினார்கள்.

நம் குண்டாற்றிலோ ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டமில்லை. திருச்சுழியில் சாக்கடை வழியே இறங்குவது மணலில் ஊறி, நாம் தோண்டும் ஊற்றையே முதலில் தொடும். எஞ்சியதை வெள்ளம் கமுதி கடந்து மூக்கையூர்க் கழிமுகத்தில் கொண்டு சேர்க்கும். பள்ளிவாசல் ஹவுளருகே சோப்பு வாங்கிவைக்கும் முத்தவல்லிகள், உறையில் அச்சிட்ட சேர்மானப் பட்டியலை ஒருமுறை வாசித்துவிட்டு வாங்கட்டும்.