அடுத்து, அடுத்து

திருடனுக்கும் ஒற்றனுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. திருடன் வந்து போனதை வீடே சொல்லிவிடும். பீரோ திறந்து கிடக்கும், குத்துவிளக்கைக் காணோம். ஒற்றன் வந்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். வள்ளுவர் அரசனுக்காக ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே பாடி வைத்தார். இன்றோ, ஒற்றனை அனுப்ப ராஜ்யம் வேண்டியதில்லை. கையில் ஓர் இலவசச் சாமான் இருந்தால் போதும்.

கம்ப்யூட்டருக்குள் புகும் ஒற்றர்கள் எப்போதும் கன்னம் வைத்து நுழைவதில்லை. பல சமயங்களில் நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். ஏதோ ஓர் இலவசப் புரோகிராமை இறக்குகிறோம். அது ஒரு சின்னக் கட்டத்தில் என்னவோ கேட்கிறது. 'அடுத்து' என்று அழுத்துகிறோம். மறுபடி கேட்கிறது, மறுபடியும் 'அடுத்து'. கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றம் சூழ வருக' என்று அச்சிடுகிறோம் அல்லவா? அந்தப் புரோகிராமும் அப்படியே சுற்றம் சூழ வந்து இறங்கிவிடுகிறது. சுற்றத்தாருக்கும் சம்மதம் என்று நமக்கு முன்பே 'டிக்' போட்டு வைத்திருப்பார்கள். பார்த்து எடுத்தால்தான் உண்டு. வந்தவர்களில் ஒருவர் ஓயாமல் விளம்பரம் காட்டுவார். ஒருவர் நாம் எங்கெங்கே போகிறோம் என்று குறித்துக்கொள்வார். இன்னும் பொல்லாதவர் ஒருவர், நாம் தட்டுகிற ஒவ்வோர் எழுத்தையும் பிரதி எடுத்து வெளியே அனுப்புவார்.

காசு கொடுத்து வாங்கினால் கவலையில்லை என்றும் சொல்வதற்கில்லை. 2005-இல் ஸோனி பிஎம்ஜி விற்ற சில ஸிடி தட்டுகளைக் கம்ப்யூட்டரில் போட்டவர்களுக்கு, பாட்டோடு கூட, கண்ணில் படாத ஒரு புரோகிராமும் உள்ளே போய் உட்கார்ந்தது. பாட்டைப் பிரதி எடுக்காமல் தடுப்பதற்காம்! அக்டோபர் கடைசியில் மார்க் ருஸினோவிச் என்ற நிபுணர் அதை ஊரறியச் சொன்ன பிறகு, தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் அதன் மறைவிலேயே வேறு விஷமிகளும் பதுங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், மனைவி காலமான பிறகு அந்த அம்மாளைப் பற்றித் தினம் ஒரு பக்கம் எழுதி வந்தார். பிரசுரத்துக்கு அல்ல, யாருக்கும் காட்டியதுமில்லை. சென்ற மாதம் ஒரு நாள் டெலிபோனில் கூப்பிட்டார். திரை முழுவதும் சிவப்பாக எச்சரிக்கையாம்: நூற்றுக்கணக்கான கிருமிகள் புகுந்துவிட்டன, உடனே இந்த எண்ணுக்குப் பேசிப் பணம் கட்டவும்.

"கட்டிவிடட்டுமா, தம்பி?"

"பேசவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம் ஐயா. இன்டர்நெட் இணைப்பை மட்டும் பிடுங்கி வையுங்கள், இதோ வருகிறேன்."

உள்ளே இருக்கிற புரோகிராம்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். ஒரே நாளில் நான்கு பேர் குடியேறியிருந்தார்கள். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றித் தரும் புரோகிராம். நால்வரையும் வெளியேற்றினோம். பிரௌஸரில் ஒட்டிக்கொண்டிருந்த துணுக்குகளையும் நீக்கினோம். பிறகு, விண்டோஸோடு கூடவே வருகிற டிஃபெண்டரைக் கொண்டு, விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்பே நடக்கும் சோதனையைச் செய்தோம். அதில் ஐந்தாவதாக ஒருவன் அகப்பட்டான். எழுத்தைப் பிரதி எடுக்கிறவன்! பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் தொடாமல் பேத்தியின் போனில் மாற்றினோம். அன்றாட உபயோகத்துக்கு, அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்றையும் ஏற்படுத்தினேன்.

எல்லாம் முடிந்து காப்பி குடிக்கும்போது கேட்டார்: "அவளைப் பற்றி எழுதினதை யாராவது படித்திருப்பார்களா, தம்பி?"

இல்லாத மனிதர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைக்கிறவன் நான். இருந்த ஒருத்தியின் அந்தரங்கத்துக்கு என்ன பதில் சொல்வது? "தெரியாது, ஐயா" என்றேன்.

"அவளிடமே சொல்லாததையெல்லாம் எழுதியிருந்தேன்" என்றார்.

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, கடிதங்கள் பாதியில் நிற்கின்றனவே என்று அவரே எழுந்தார். அந்த எழுத்துருப் புரோகிராமை, இந்த முறை அதைச் செய்தவர்களின் சொந்த இடத்திலிருந்தே இறக்கினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பரிமேலழகர் உரைக்குப் பொருள் சொல்வதுபோல் ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுப் படித்தார். முடிய அரைமணி ஆயிற்று.