பழவேற்காட்டு மீனும் தொட்டிக் கப்பியும்

'ஏரியில் பிடிக்கும் பொடி மீனையும் தொட்டியில் வளர்க்கும் கப்பியையும் சேர்த்துப் புது ரகம் உண்டாக்க முடியுமா? உப்புத் தண்ணீரைத் தாங்கும் வண்ண மீன் கிடைத்தால் கொளத்தூர் சந்தையில் நல்ல விலை போகுமே?' என்று பழவேற்காட்டுப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடித்திருக்கலாம். ஆனால், அவர் சொல்லும் தண்ணீரையும் மீனையும் பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டேன்.

சுற்றுலா வருபவர்கள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். விவசாயிகள் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்முனைதான் நமக்கு. ஆரணி ஆறு ஒரு பக்கம் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகிறது, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு இறங்கும், கோடையில் ஏறும். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கணக்கே மாறிப்போகும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் மடவை, கொடுவா, இறால், நண்டுதான் இங்கே பிழைப்பு.

அந்தப் பிழைப்புக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. 'பாடு' என்று சொல்கிறார்கள். நல்ல மீன்பாடுள்ள இடங்களில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். நம் கிராமங்களில் ஏரிப் பாசனத்துக்கு முறைத்தண்ணீர் வைப்பதைப் போலத்தான். ஒருவர் தண்ணீரில் செய்வது எல்லார் வலையிலும் தெரியும் ஊர் இது. இதை மனதில் வைத்துக்கொண்டு கேள்விக்கு வருவோம்.

ஏரியோரக் குட்டைகளில் பையன்கள் துணியை விரித்துப் பொடி மீன் பிடிக்கிறார்கள். தலையில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல நீரின் மேற்பரப்பிலேயே திரியும் ஒரு மீன், பார்வைக்குக் கப்பியின் தங்கை மாதிரி இருக்கும். ஆனால் அது பாசியில் முட்டையிடும் மீன். கப்பியோ வயிற்றுக்குள்ளேயே பொரித்துக் குஞ்சாக ஈனும். ஆட்டையும் மாட்டையும் ஒரே பட்டியில் அடைப்பதால் கன்று கிடைக்காது, இதுவும் அப்படித்தான். கொசு ஒழிப்புக்காக 1928இல் இத்தாலியிலிருந்து வந்த கம்பூசியாவும் குஞ்சு ஈனும் மீன்தான். அதையும் கப்பியோடு விட்டு ஒரு வம்சத்தை உண்டாக்க முடியாது. மோலியோடு அபூர்வமாகக் கலப்புக் குஞ்சு வரும். அவை பெரும்பாலும் மலடு.

அப்படியானால் காட்டு மீனோடு கலப்பே முடியாதா? முடியும். ஊருக்குள் சாக்கடையோரம் சாம்பல் நிறத்தில் கூட்டமாக நெளிகிறதே, அதில் கப்பியும் உண்டு. தென் அமெரிக்காவின் வடகரையும் ட்ரினிடாட் தீவும் அதன் பூர்வீகம். கொசுவைத் தின்னும் என்று கொண்டுவந்து விட்டதும் தொட்டியிலிருந்து தப்பியதும் பெருகி, இப்போது நம் ஊர் மீனாகவே திரிகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே தொட்டிக்குள் இனம் சேர்த்த கப்பி நோஞ்சானாகிவிடும். வால்தான் பெரிதாக இருக்கும். அதற்குச் சாக்கடைக் கப்பியின் ரத்தம் மருந்து.

இதில் கவனிக்க வேண்டியது பெண் மீனை. ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், விந்தை உடம்பில் பல மாதங்கள் சேர்த்து வைத்திருக்கும். வெளியில் பிடித்த பெண்ணை உங்கள் தொட்டி ஆணோடு விட்டால் வரும் குஞ்சுகளுக்கு யார் அப்பன் என்று சொல்லவே முடியாது. பிடித்த மீனை முதலில் மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். ஆசனவாயில் சிவப்பு நூல் போலப் புழு தொங்கினால் அந்த மீன் வேண்டாம். அங்கே ஈனும் குஞ்சுகளில், மூன்று வாரத்துக்குள் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். அடித்துடுப்பு ஊசி போல ஒடுங்கத் தொடங்கினால் ஆண். விசிறியாகவே இருந்தால் பெண். இந்தக் கன்னிப் பெண்ணோடு உங்கள் தொட்டி ஆணைச் சேருங்கள். கப்பியின் நிறங்களில் பல, அப்பனிடமிருந்து நேரே மகனுக்குப் போகிறவை. அதனால் நல்ல நிறமுள்ள ஆண் உங்கள் தொட்டியிலிருந்தே வரட்டும். முதல் ஈற்றில் வால் குட்டையாகத்தான் வரும். கழித்துவிடாதீர்கள். அதில் பெண்ணை எடுத்துத் திரும்பவும் தொட்டி ஆணோடு சேர்த்தால், அடுத்தடுத்த ஈற்றுகளில் தேர்ந்தெடுக்கலாம்.

உப்பைத் தாங்குவதற்கு ஏரி மீனின் ரத்தம் தேவையே இல்லை. நாளுக்குக் கொஞ்சமாக உப்பைக் கூட்டினால் கப்பி தானே பழகிக்கொள்ளும். வாசகருக்கு இது நல்ல சேதி. ஏரிக்குத்தான் கெட்ட சேதி. உவர்நீர் தடுத்து நிறுத்தும் என்று நம்பி மிச்ச மீனைக் கால்வாயில் கொட்ட முடியாது. சினையாக உள்ள ஒரே ஒரு பெண் போதும், ஒரு குட்டையை நிரப்ப.

கப்பியின் சொந்த ஊரிலேயே இது நடந்திருக்கிறது. 1957இல் ஹாஸ்கின்ஸ் என்ற ஆய்வாளர், ட்ரினிடாடில் வேறோர் ஆற்றுக் கப்பிகளைத் துரூரே ஆற்றின் மேல்பகுதியில் விட்டார். அவற்றின் வம்சம் கீழே இறங்கி, அந்த ஆற்றின் பழைய கப்பிகளோடு கலந்து, அவற்றின் தனித்தன்மையைப் பெருமளவு அழித்துவிட்டது. அங்கே கப்பியைக் கப்பியே விழுங்கியது. நம் நாட்டில் 1952இல் வந்த ஜிலேபிக் கெண்டையின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; பக்கத்து ஏரியில் வலை போட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், உவர்நீர்க் கிணறு உள்ளவர்கள் கப்பியைவிடக் கரிமீனைப் பற்றி யோசிக்கலாம். நம் உவர்நீருக்கே உரிய மீன். சாப்பாட்டுக்கும் போகும், குஞ்சு கண்ணாடித் தொட்டிக்கும் போகும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதன் குஞ்சு உற்பத்தியில் அனுபவமுள்ளது. பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கப்பிதான் என்று முடிவு செய்தால், மழைக்காலத்துக்கு முன் தொட்டியின் விளிம்பை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். வழியும் குழாய்க்குக் கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். பிறந்த குஞ்சு அத்தனை சிறியது. தேறாத மீனை வெளியே விடாமல், விரால் வளர்ப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். விரால் குஞ்சுக்கு உயிருள்ள தீனி என்றால் அவர்களே வந்து வாங்கிக்கொள்வார்கள்.