டிக்கெட்டில் ஓர் எழுத்து

விமான மைல் சேர்க்கக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்தக் கிரெடிட் கார்டு எடுக்கணும்?" என்றுதான். கார்டு மெதுவாக எடுக்கலாம். முதலில் பெயரைச் சரிபாருங்கள்.

சிங்கப்பூர்த் தேக்காவில் டிக்கெட் போடும் வேலையில் இருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சிங்கப்பூர்க் கடப்பிதழ் பலவற்றில் அப்பா பெயருக்கு முன்னால் எஸ்/ஓ, டி/ஓ இருக்கும். டிக்கெட்டில் அந்தச் சாய்கோட்டை அப்படியே அடிக்க முடியாது. அங்கே குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கிற குறி அதுதான். இந்தியக் கடப்பிதழிலோ பல பேருக்கு முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும், இன்னொரு கட்டம் காலி. மைல் கணக்குத் திறக்கும்போது ஒரு விதமாகவும் டிக்கெட் போடும்போது இன்னொரு விதமாகவும் எழுதிவிட்டால், ஆள் ஊருக்குப் போய்த் திரும்பியும் மைல் ஏறாமல் நிற்கும்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த அண்ணன், சிங்கப்பூர் விமான நிறுவனத்தின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையர் 1999இல் வருவதற்கு முன்பே, சிங்கப்பூர், கேத்தே, மலேசிய விமான நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய பாசேஜஸ் திட்டத்தின் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருந்தவர். கடப்பிதழை மேசையில் விரித்து வைத்தால், படத்துக்குப் பக்கத்தில் அச்சடித்த பெயரைப் பார்க்கவே மாட்டார். பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி ஓடுமே, அதில்தான் விரல் வைப்பார். இரட்டை அம்புக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் இருப்பது சொந்தப் பெயர். ஒவ்வோர் எழுத்தாக விரல் நகரும். "மெஷின் எப்படிப் படிக்குதோ அப்படியே எழுது தம்பி" என்பார். மைல் கணக்கும் அதே வரிசை, டிக்கெட்டும் அதே வரிசை.

ஓர் அக்கா அடிக்கடி சென்னை போய் வருவார். கணக்கில் கல்யாணத்துக்குப் பிந்தைய பெயர், கடப்பிதழில் பழைய பெயர். எந்தப் பயணமும் ஏறவில்லை. போர்டிங் பாஸ்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்ததால் பிழைத்தார். பயணம் முடிந்து ஆறு மாதத்துக்குள் விடுபட்ட மைலைக் கேட்டு வாங்கலாம். அதற்குள் வந்தவை கிடைத்தன, மற்றவை போயின. மைல் கண்ணெதிரே ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்தது கட்டண வகை. டிக்கெட்டில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றை எழுத்து ஒன்று இருக்கும். இருக்கை ஒன்றேதான், சாப்பாடு ஒன்றேதான். அந்த எழுத்து மாறினால் மைல் மாறும். சிங்கப்பூரிலிருந்து சென்னை ஒருவழிக்குச் சுமார் 1,800 மைல். மலிவான லைட் கட்டணத்தில் அதில் பாதிதான் ஏறும். ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் உள்ள மற்ற நிறுவனங்களின் சில மலிவு எழுத்துகளுக்கு ஒன்றுமே கிடையாது. ஏர் இந்தியா 2014இல் அந்தக் கூட்டணியில் சேர்ந்த பிறகு, அதில் பறந்துவிட்டுக் கிரிஸ்ஃபிளையரில் ஏற்றிக்கொள்ள வழி வந்தது. அங்கேயும் எழுத்தைப் பார்க்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள். அண்ணன் அந்த எழுத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுத்தான் வாடிக்கையாளர் கையில் டிக்கெட்டைக் கொடுப்பார். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

சேர்ப்பதைவிடச் செலவழிப்பதில்தான் கைத்திறன் வேண்டும். கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு டிக்கெட் பணம் கொடுத்து வாங்கினால் 520 வெள்ளி. மைலில் எடுத்தால் 20,000 மைலும் வரிக்கு 80 வெள்ளியும். வரி இரண்டு வழியிலும் உண்டு, அதைக் கழித்துவிடுங்கள். மீதி 440 வெள்ளியை 20,000ஆல் வகுத்தால் மைலுக்கு 2.2 காசு. நல்ல பேரம், எடுங்கள். அதே இடத்துக்குச் சலுகை விலை 280 வெள்ளி என்று வந்தால் மைலுக்கு ஒரு காசுதான் தேறும். அப்போது பணத்தைக் கட்டுங்கள். பறந்ததற்கு மைலும் ஏறும். சாமான் வாங்கவும் டிக்கெட் விலையில் கொஞ்சம் குறைக்கவும் மைலைக் கொடுக்கிறார்களே, எனக்கு மனசு வலிக்கும். ஐரோப்பாவுக்குப் பிசினஸ் வகுப்பில் மூன்று நான்கு காசு தேறக்கூடிய மைல் அது.

சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதும் ஆகாது. கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு ஆயுள் மூன்று வருடம். ஒரு பெரியவர் பேரன் பட்டமளிப்புக்கு லண்டன் போகவென்று சேர்த்தார். படிப்பு ஒரு வருடம் நீண்டது, பழைய மைல் மாதக் கடைசியில் கழிந்துபோனது. காலாவதியாகும் முன்பே கேட்டிருந்தால் கட்டணம் கட்டி ஆறு மாதம் நீட்டித்திருக்கலாம். கார்டில் சேரும் வங்கிப் புள்ளிகளை, மைலில் எடுக்க இருக்கை கண்ணில் படாமல் மைலாக மாற்றவே மாற்றாதீர்கள். மாற்றிய நாளிலிருந்து அந்த மூன்று வருடம் ஓடத் தொடங்கிவிடும், திரும்ப வங்கிக்குப் போகாது.

மைலில் இருக்கை தேடுவதற்குப் பொறுமை வேண்டும். புறப்பாட்டுக்கு 355 நாள் முன்பே திறப்பார்கள். சேவர் என்கிற குறைந்த மைல் விலையில் கிடைப்பவை கொஞ்சம்தான். தீபாவளி, டிசம்பர் விடுமுறை என்றால் அதிலும் கொஞ்சம். நான்கு பேர் குடும்பத்துக்குத் தேடி "இல்லை" என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். மூன்று இருக்கை இருந்தாலும் நான்குக்குக் கேட்டால் இல்லை என்றுதான் காட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிப் பாருங்கள். கிடைத்ததை உறுதி செய்துவிட்டு, மிச்சமுள்ள ஆளை வெயிட்டிங் லிஸ்டில் போடுங்கள். குடும்பத்தார் பெயரெல்லாம், கணக்குக்காரர் தன் மைலில் டிக்கெட் எடுத்துத் தரப் பதிவு செய்த ஐந்து நாமினிகளுக்குள் இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தனி பிஎன்ஆரில், அதாவது தனி முன்பதிவுக் குறியீட்டில், விடாதீர்கள். பெரியவர் ஒருவரோடு சேர்த்துப் போடுங்கள். பிறகு விமான நிறுவனத்துக்குப் போன் செய்து, இரண்டு பிஎன்ஆரும் ஒரே குடும்பம் என்று குறிப்பு எழுதச் சொல்லுங்கள். பிஎன்ஆர் எழுத்துகளைப் படிக்கும்போது "எம் ஃபார் மைக், என் ஃபார் நவம்பர்" என்று நிதானமாகச் சொல்லுங்கள், அவர்கள் திரும்பப் படிக்கும்வரை போனை வைக்காதீர்கள்.